பிரெட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதில் எது ஒத்துக்கொள்ளவில்லை?

ஒருவருக்கு பிரெட் சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. இன்னொருவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மூன்றாமவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை, ஆனால் வருடக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தச் சோகை அசைந்து கொடுக்கவில்லை. மூன்று பேரும் இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: கோதுமையை நிறுத்துங்கள்.

முதலாமவர் கோதுமையை முழுக்க விடவேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். இரண்டாமவருக்கு உயிருக்கே ஆபத்து இருக்கிறது, அவர் நிறுத்தினால் மட்டும் போதாது. மூன்றாமவர் பரிசோதனைக்கு முன்பே நிறுத்திவிட்டால், நோயைக் கண்டுபிடிக்கும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். சாப்பிட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ வருகிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

செலியாக்: பரிசோதனை முடியும்வரை சாப்பிட்டுக்கொண்டே இருங்கள்

மூன்றாமவருக்கு இருக்கக்கூடியது செலியாக் என்ற குடல் நோய். அது ஒவ்வாமை அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய முளைகள் மழுங்கிப்போகின்றன. அதனால்தான் வயிற்றில் ஒரு வலியும் இல்லாமல் ரத்தச் சோகையாகவோ, எலும்புத் தேய்வாகவோ, ஆறாத வாய்ப்புண்ணாகவோ, உயரம் கூடாத பிள்ளையாகவோ அது வெளியே தெரிகிறது. முழங்கை, முழங்கால், பிட்டத்தில் கொத்துக்கொத்தாக அரிக்கும் கொப்புளங்களும் இதன் ஒரு முகம்தான். தோல் மருத்துவர் சந்தேகிக்காவிட்டால் அதைச் சாதாரணச் சொறி என்று களிம்பு போட்டே காலம் ஓடிவிடும்.

ரொட்டிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. 1930களிலேயே அவருக்குக் கோதுமை மீது சந்தேகம் இருந்தது. 1944-45 போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி இல்லாமல்போனபோது இந்தக் குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்ததும் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தின. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார்.

பரிசோதனை எளிது: ரத்தத்தில் டிடிஜி-ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ (ஐஜிஏ, ஐஜிஜி, ஐஜிஇ எல்லாம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் வகைகள்). இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. செலியாக் உள்ளவர்களில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு ஐஜிஏ சுரப்பே குறைவு. அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ பெரும்பாலும் இயல்பாகவே வரும், நோய் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். மொத்த ஐஜிஏ குறைவாக இருந்தால் ஐஜிஜி வகைப் பரிசோதனை வேண்டும். ரத்தத்தில் தெரிந்தால் அடுத்தது எண்டோஸ்கோபி. சிறுகுடலின் தொடக்கத்தில் பல இடங்களில் திசு எடுக்கவேண்டும், ஏனென்றால் சேதம் திட்டுத்திட்டாக இருக்கும். ஒன்றிரண்டு துண்டு மட்டும் எடுத்தால் நல்ல இடமே மாட்டிவிட வாய்ப்புண்டு.

இந்த இரண்டு பரிசோதனைகளும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டு இருப்பவரிடம் மட்டுமே உண்மை சொல்லும். ஆறு முதல் எட்டு வாரம், தினமும் இரண்டு துண்டு பிரெட் அளவாவது உள்ளே போயிருக்கவேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். இட்லி, தோசை, சோறு என்று வாழ்பவர் கோதுமையை நிறுத்தவே வேண்டாம், நிறுத்தியவர் மாதிரிதான் இருப்பார். வாரத்தில் ஒருநாள் சப்பாத்தி, மாதத்தில் ஒருநாள் பரோட்டா என்றால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறாமலே போகலாம். பரிசோதனைக்கு முன் தினம் இரண்டு சப்பாத்தி என்று வைத்துக்கொண்டு பிறகு ரத்தம் கொடுப்பது நல்லது. அந்த அளவையே உடம்பு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி அளவையும் நாளையும் குறைத்துக்கொள்ளலாம்.

தெற்கில் இந்த நோய் குறைவு என்பது உண்மை. இந்தியாவின் மூன்று பகுதிகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், செலியாக் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10 என்று வந்தது. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. சாப்பிடும் கோதுமைதான் வேறு: வடக்கில் சராசரியாக நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகவும் காலை பிரெட்டாகவும் மாறிக்கொண்டிருக்கும் வீடுகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஏற்கனவே கோதுமையை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிவிட்டதா? எச்எல்ஏ மரபணுப் பரிசோதனைக்கு நீங்கள் எதையும் சாப்பிட வேண்டியதில்லை. டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு மரபணு வகைகளும் இல்லை என்று வந்தால் செலியாக் அநேகமாக இல்லை என்று முடித்துவிடலாம். இருக்கிறது என்று வந்தால் அதில் எந்த முடிவும் இல்லை, நோயே இல்லாத எத்தனையோ பேரிடம் அந்த மரபணு உண்டு. சில ஆய்வகங்கள் இதை "செலியாக் பாசிட்டிவ்" என்ற தொனியில் அச்சடித்துக் கொடுப்பது சரியல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத் துளியில் "ஒத்துக்கொள்ளாமை" பார்க்கிறோம் என்று விற்கும் ஐஜிஜி தொகுப்புப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள் (மேலே சொன்ன செலியாக் ஐஜிஜி வேறு). நீங்கள் அடிக்கடி சாப்பிடுவதற்கெல்லாம் உடம்பில் ஐஜிஜி இருக்கும், அது இயல்பு. அரிசி, தேங்காய், பருப்பு எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு வாங்கி வந்து பட்டினி கிடப்பதுதான் மிச்சம். உலகின் முக்கியமான ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதை நோயறியப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன.

கோதுமை ஒவ்வாமை: நிமிடங்களில் வருவது

இது ஐஜிஇ வழியாக வரும் உண்மையான அலர்ஜி. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு, மயக்கம். சிறு குழந்தைகளிடம்தான் அதிகம், வளர வளரப் பலருக்குப் போய்விடும். அதனால் ஒருமுறை அலர்ஜி என்று எழுதிவிட்டதற்காக ஆயுள் முழுக்கத் தடை போடாமல், ஒவ்வாமை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பரிசோதிக்கவேண்டும். வீட்டில் "கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெரியவர்களுக்கு வரும் ஒரு வகை ஆளை ஏமாற்றும். பிரெட் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஓடினாலும் ஒன்றும் ஆகாது. சாப்பிட்டுவிட்டு ஓடினால் உடம்பு முழுக்கத் தடித்து, ரத்த அழுத்தம் விழுந்து, மயங்கி விழுகிறார். காரணம் பெரும்பாலும் ஒமேகா-5 கிளையடின் என்ற கோதுமைப் புரதம். உடற்பயிற்சியின் இடத்தில் ஆஸ்பிரின் வகை வலி மாத்திரையோ மதுவோ இருந்தாலும் இதே விளைவு வரலாம். காலையில் டோஸ்ட் சாப்பிட்டுவிட்டு ஜிம்முக்குப் போகிறவர், பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஷட்டில் ஆடுகிறவர் மயங்கினால் எல்லாரும் இதயத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை போட்டார் என்று யாராவது கேட்கவேண்டும். சாதாரணக் கோதுமை ஐஜிஇ பரிசோதனை இவர்களில் சிலருக்குக் காட்டாது, ஒமேகா-5 கிளையடினுக்கான தனிப் பரிசோதனையைக் கேட்டு எடுக்கவேண்டும். உறுதியானால் கோதுமைக்கும் உடற்பயிற்சிக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம். மயங்கும் அளவுக்குப் போனவர்கள் கோதுமையையே விடுவது நல்லது.

தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குப் போவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே செட்ரிசின் மாதிரியான அலர்ஜி மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்தியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே இல்லை என்று வரும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. புல் மகரந்த அலர்ஜி உள்ளவர்களுக்குக் கோதுமையும் ஒரு புல் வகை என்பதால் ஐஜிஇ ஏறிக் காட்டும், ஆனால் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. தாளில் உள்ள எண்ணை வைத்து மட்டும் யாரையும் பத்தியம் போடக் கூடாது.

கடுமையாக வந்தால் முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின். அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயையும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. பேனா மாதிரித் தானே குத்திக்கொள்ளும் கருவி இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஆம்பூல் என்ற மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் வைத்துப் போடும் முறையை, உங்கள் எடைக்கான அளவோடு, மருத்துவரிடம் கேட்டு வீட்டில் இன்னொருவரும் பழகி வைத்திருக்கவேண்டும்.

தோல் வழியாகவும் இந்த அலர்ஜி உண்டாகலாம். ஜப்பானில் சிதைத்த கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை அலர்ஜி வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் தாராளமாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். ஷாம்பூ, சோப்பு லேபிளில் "ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்" இருந்தால் தோல் வெடிப்பும் எக்ஸிமாவும் உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

பேக்கரியில் வேலை பார்ப்பவர்களின் இளைப்பு தனிக் கதை. 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ரமாஸினி மாவு வேலைக்காரர்களின் மூச்சுத் தொல்லையைப் பதிவு செய்திருக்கிறார். மாவுத்தூளும், மாவைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் பிரெட் இம்ப்ரூவரில் இருக்கும் பூஞ்சை அமிலேஸ் நொதியும் காரணம். வேலை நாளில் மூக்கு ஒழுகி, இருமி, விடுமுறையில் தேறினால் சந்தேகப்படலாம். மூட்டையை உதறாமல் மெதுவாகக் கவிழ்ப்பது, மிக்ஸரை முதல் சில நிமிடம் மெதுவேகத்தில் மூடி போட்டு ஓட்டுவது, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, இம்ப்ரூவரைத் தூளாக இல்லாமல் பேஸ்டாக வாங்குவது எல்லாம் தூசியைக் குறைக்கும். இவர்களில் பெரும்பாலோர் வெந்த பிரெட்டைச் சாப்பிடலாம்.

கடற்கரை ஊர்களுக்காக ஒன்று. தூசிப் பூச்சி அலர்ஜி உள்ளவர், திறந்து வெகுநாள் வெளியே கிடந்த மைதாவில் செய்ததைச் சாப்பிட்டுவிட்டு மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போகிறார். கோதுமைப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஈரப்பதமும் வெக்கையும் உள்ள இடத்தில் மாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் பெருகியிருக்கும், அவற்றின் புரதம் சூட்டிலும் முழுதாக அழிவதில்லை. மருத்துவர்கள் இதற்கு பான்கேக் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போண்டா மாவிலும் இதேதான் நடக்கும். மைதாவை அரைக் கிலோவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். சலித்தால் வண்டு போகும், இந்தப் பூச்சி போகாது.

வெறும் உப்புசம் என்றால்

செலியாக் இல்லை, அலர்ஜி இல்லை, ஆனாலும் பிரெட் சாப்பிட்டால் வயிறு பொருமுகிறது என்பவர்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். குளூட்டன்மீதுதான் பழி விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி ஃபிரக்டான் என்ற மாவுச்சர்க்கரை. நார்வேயில் 59 பேரை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், தங்களுக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று நம்பியவர்களுக்கே எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்தபோது, குளூட்டனைவிட ஃபிரக்டான்தான் அதிகத் தொந்தரவு தந்தது. இது சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன.

வெங்காயமும் பூண்டும் ஃபிரக்டான் நிறைந்தவை என்பதால் நம் சமையலறையிலேயே இதைச் சோதிக்கலாம். சின்ன வெங்காயச் சாம்பாரும் பூண்டுக் குழம்பும் சாப்பிட்ட நாளிலும் இதே உப்புசம் வருகிறதா என்று முதலில் கவனியுங்கள். வந்தால் இரண்டு மூன்று வாரம் கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றையும் நிறுத்துங்கள். வயிறு அமைதியானதும் பூண்டை மட்டும் மூன்று நாள் சேருங்கள்: முதல் நாள் அரைப் பல், அடுத்த நாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு. தொந்தரவு வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. வராவிட்டால் மூன்று நாள் இடைவெளி விட்டுக் கோதுமையை அதேபோல ஏற்றுங்கள். மூன்றையும் ஒரே நாளில் திருப்பிச் சேர்ப்பவர்கள் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மணத்துக்கு வழி உண்டு: ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் பரவாயில்லை.

இவர்களுக்கு பிரெட் முழுக்க விலக்கு இல்லை, அது எவ்வளவு நேரம் புளித்தது என்பதுதான் கேள்வி. ஈஸ்ட்டும் புளித்த மாவின் கிருமிகளும் ஃபிரக்டானைத் தின்றுவிடும். ஜெர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது, மாவு பிசைந்து ஒரு மணி நேரத்தில் இந்தச் சர்க்கரைகள் உச்சத்தில் இருந்தன, நான்கு மணி நேரத்துக்கு மேல் பொங்கவிட்டதில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. வேகமாகச் செய்யும் ஆலை பிரெட் ஒரு மணி நேரத்தில் ஓவனுக்குள் போய்விடுகிறது. வீட்டில் செய்தால் 500 கிராம் மாவுக்கு 1 கிராம் உலர் ஈஸ்ட் மட்டும் போட்டு எட்டு முதல் பத்து மணி நேரம் பிரிட்ஜிலும் வெளியிலுமாகப் புளிக்கவிடுங்கள். நம் வெயிலில் அறை வெப்பத்திலேயே பத்து மணி நேரம் விட்டால் மாவு தளர்ந்து ஓடும், புளிப்பும் தூக்கும்.

இதை வைத்து செலியாக் உள்ளவர்களும் சவர்டோ என்ற புளித்த மாவு பிரெட்டைச் சாப்பிடலாம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. புளிப்பு குளூட்டனைக் கொஞ்சம் சிதைக்கும், அவ்வளவுதான். சாதாரணக் கோதுமைச் சவர்டோவில் மிஞ்சுவது "குளூட்டன் இல்லாதது" என்று சொல்ல அனுமதிக்கும் அளவைவிடப் பல மடங்கு. சம்பா கோதுமையும் இப்படித்தான். அது நார்ச்சத்து உள்ள பழைய கோதுமை, குளூட்டன் இல்லாதது அல்ல. ராகி பிரெட், மல்டிகிரெயின் பிரெட் என்று விற்பவற்றின் முதல் பொருள் பெரும்பாலும் மைதாவோ கோதுமையோதான்.

மாவைத் தாண்டி

சாதாரணப் பாக்கெட் பிரெட்டின் லேபிளில் மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, எண்ணெய் தவிர சோயா மாவு, கூடுதல் குளூட்டன், பால்பொடி, 282, 481, 472இ, 1100, 300 என்று எண்கள் இருக்கும். 282 கால்சியம் புரோப்பியனேட், பூஞ்சை பிடிக்காமல் இருக்க. 1100 அமிலேஸ் நொதி. 322 என்றால் லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து. எண்களைப் பார்த்துப் பயப்படுவதைவிட சோயா, பால், முட்டை, எள் என்ற நான்கு சொற்களைத் தேடுவது பயனுள்ளது. பொட்டாசியம் புரோமேட் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 2016இல் இந்தியாவில் அதைத் தடை செய்துவிட்டார்கள், அது அலர்ஜி சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல.

பாலில் இரண்டைக் குழப்பக் கூடாது. பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவருக்கு மில்க் பிரெட் கெடுதி செய்வது அரிது. கணக்குப் பாருங்கள்: 400 கிராம் பிரெட்டில் சுமார் 250 கிராம் மாவு, அதில் 3 சதவீதம் பால்பொடி என்றால் ஏழரை கிராம், அதில் பாதி லாக்டோஸ். முழு பிரெட்டுக்கும் நான்கு கிராம்கூட இல்லை. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத பலர் ஒரே வேளையில் 12 கிராம்வரை தாங்குவார்கள். ஆனால் பால் புரத அலர்ஜி உள்ள குழந்தைக்கு அதே பிரெட்டின் ஒரு துண்டு அவசர சிகிச்சைப் பிரிவு. லேபிளில் பால் புரதங்களான கேசின், வே, அல்லது மில்க் சாலிட்ஸ் எதுவும் கூடாது.

முட்டை, மாவில் இல்லாவிட்டாலும் பன்னின் மேல் பளபளப்பில் இருக்கும். பால் தடவினாலும் அதே பளபளப்பு வரும், பார்த்து வித்தியாசம் தெரியாது. ஐயங்கார் பேக்கரிகளில் மரபாக முட்டை சேர்ப்பதில்லை. இன்றைக்குப் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், தட்டும் பிரஷ்ஷும் பொதுவா என்று கேட்டுவிடுங்கள். எள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டாய அலர்ஜி அறிவிப்புப் பட்டியலில் குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலையும் கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் இருக்கின்றன. எள் இல்லை. சேர்மானத்தில் இருந்தால் எழுதுவார்கள், பக்கத்து மேடையிலிருந்து ஒட்டிக்கொண்டது பற்றி எச்சரிக்கை இருக்காது. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் கட்டாயப் பட்டியலில் வந்தபோது, தொழிற்சாலையைச் சுத்தமாகப் பிரிப்பதைவிட எளிது என்று சில நிறுவனங்கள் வேண்டுமென்றே எள் மாவைச் சேர்த்து லேபிளில் எழுதிவிட்டன. சட்டம் காப்பாற்ற வந்தவர்களுக்குச் சாப்பிட இருந்த பன்னும் போயிற்று.

ஈஸ்ட் அலர்ஜி மிக அரிது. அதைச் சந்தேகிப்பதற்கு முன் மேலே சொன்ன எல்லாவற்றையும் பாருங்கள்.

செலியாக் வீட்டில் தவறும் இடங்கள்

"குளூட்டன் இல்லாதது" என்று சொல்ல உலகளாவிய வரம்பு ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் குளூட்டன், இந்தியாவிலும் அதுவே. இது எவ்வளவு சின்ன அளவு என்பதற்கு: ஒரு துண்டு பிரெட்டில் 2 கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். தினம் 50 மில்லிகிராம் தொடர்ந்து போனாலே குடல் கெடும் என்று 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. 50 மில்லிகிராம் என்பது ஒரு கிராம்கூட எடையில்லாத பிரெட் துணுக்கு.

பெரிய ஓட்டை மாவு மில். உங்களுக்கு முன் கோதுமை அரைத்த எந்திரத்தில் வெறும் 5 கிராம் தங்கி உங்கள் ஒரு கிலோ அரிசி மாவில் கலந்தால் அரை கிராம் குளூட்டன். அதாவது வரம்பைப்போல 25 மடங்கு. அரிசியில் இயற்கையாக ஒன்றும் இல்லை என்பது இங்கே உதவாது. வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள், அல்லது குளூட்டன் அளவு பரிசோதித்து எழுதிய பாக்கெட் வாங்குங்கள். சத்து மாவு, கம்பு மாவு எல்லாவற்றுக்கும் இதே விதி.

அடுத்தது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பது வழக்கம். பாதி மைதா என்று வைத்தால் கால் டீஸ்பூனில் 35 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன், நான்கு பேர் சாம்பாரில் ஆளுக்கு ஒன்பது. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் போட்டால் கணக்கு ஏறிவிடும். அரிசி மாவு அல்லது பிசின் மட்டும் சேர்த்ததாக எழுதியிருப்பதை வாங்குங்கள். பார்லியில் செய்யும் மால்ட் பானங்கள், மால்ட் சேர்த்த கார்ன்ஃபிளேக்ஸ், சோயா சாஸ், மால்ட் வினிகர், ரவை, சேமியா எல்லாம் விலக்கு. ஹோட்டலில் பரோட்டாக் கல்லும் தோசைக் கல்லும் ஒன்றா, கோபி பொரித்த எண்ணெயில்தான் வடையும் பொரிகிறதா என்று கேட்காமல் சாப்பிடக் கூடாது. சர்ச்சில் நற்கருணை அப்பமும் கோதுமைதான். கத்தோலிக்க விதிப்படி முழுக்கக் குளூட்டன் இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ளது செல்லும். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் தனிப் பாத்திரத்தில் வைப்பார், அல்லது திராட்சை இரசம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

கோதுமை அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஐரோப்பிய "குளூட்டன் இல்லாத" பிரெட் சிலவற்றில் குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் இருக்கும். செலியாக்குக்கு அது சரி, அலர்ஜிக்குச் சரியல்ல.

வீட்டில் செய்யும் குளூட்டன் இல்லாத பிரெட்

வறுக்காத பச்சரிசி மாவு 180 கிராம், வெள்ளைச் சோள மாவு 100 கிராம் (மக்காச்சோளம் அல்ல), மரவள்ளி ஸ்டார்ச் 120 கிராம். அரிசி மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது, கொரகொரப்பாக இருந்தால் மணல் கடிபடும். மரவள்ளி ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியைப் பொடித்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளலாம். இசப்கோல் உமி 20 கிராம், உலர் ஈஸ்ட் 7, சர்க்கரை 15, உப்பு 8, எண்ணெய் 25 கிராம், சாதா வினிகர் ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 420 மில்லி.

குளூட்டனின் வேலையைச் செய்வது இசப்கோல். அதை முதலில் தண்ணீரில் தூவி வேகமாகக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டால் கொழகொழவென்று ஜெல்லாகும். உலர்ந்த மாவில் கலந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும். ஜெல்லில் எண்ணெயும் வினிகரும் சேர்த்து, மற்றதையெல்லாம் கலந்த மாவில் கொட்டி, ஐந்து நிமிடம் கையால் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் கொஞ்சம் ஒட்டும் பதம். எண்ணெய் தடவிய ஒன்பதுக்கு ஐந்து அங்குல டின்னில் அழுத்தி, ஈரக் கையால் மேலே வழுவழுப்பாக்கி மூடிவையுங்கள். இரண்டாவது தடவை பொங்கவைப்பதெல்லாம் இதற்குக் கிடையாது. சென்னை வெப்பத்தில் 45 நிமிடம் போதும். இரட்டிப்பாகும்வரை காத்திருந்தால் ஓவனில் நடுவே குழிந்துவிடும், ஒன்றரை மடங்கில் உள்ளே வைத்துவிடவேண்டும். 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 190இல் 45 முதல் 50 நிமிடம்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. நடுவில் 98 டிகிரி வரவேண்டும். தெர்மாமீட்டர் இல்லை என்றால் எடை போடுங்கள்: 900 கிராம் மாவு 780க்கு இறங்கியிருக்கவேண்டும். இறங்காவிட்டால் டின்னிலிருந்து எடுத்து வெறும் கம்பித் தட்டில் இன்னும் பத்து நிமிடம். அடியில் பசை மாதிரிக் கோடு விழுவதற்குக் காரணம் இரண்டுதான், ஒன்று வேகாதது, இல்லை சூட்டோடு வெட்டியது. இரண்டு மணி நேரமாவது ஆறவேண்டும். உள்ளே ஊதா நிறம் அடித்தால் கெட்டுப்போகவில்லை, சில வகை இசப்கோலின் குணம் அது.

அரிசி ஸ்டார்ச் சீக்கிரம் இறுகும் என்பதால் மறுநாளே உதிரத் தொடங்கும். பிரிட்ஜ் அதை இன்னும் வேகமாக்கும். அன்றைக்கே துண்டு போட்டு, இடையில் வெண்ணெய்த் தாள் வைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, வேண்டும்போது உறைந்தபடியே தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். அந்தக் கல்லில் சப்பாத்தி போடுவதாக இருந்தால் இன்னொரு கல் வாங்கவேண்டும்.